கைதட்டினோம், உரிமை கேட்டோமா?

கண்டி மாநகரின் போகம்பரைத் திடலில், பழைய சிறைச்சாலையின் அயலில், 1960ஆம் ஆண்டுகளில் உதைபந்தாட்டம் பார்க்கத் திரண்டவர்களுள் எமது தந்தையாரும் ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்தின் பொருட்டுக் கண்டிக்கு வந்து ஓர் அரசாங்கக் கந்தோரில் இலிகிதராக இருந்தவர் அவர். கந்தோர் மூடியதும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திடலுக்கு விரைவது அவருடைய வழக்கம். எமக்குக் கதை சொல்லும் வேளைகளில் இராமனையும் வீமனையும் விட்டுவிட்டு, தோட்டத்திலிருந்து வந்து இடது புறத்தில் விளையாடிய ஓர் இளைஞரின் கதையையே அவர் மீண்டும் மீண்டும் சொல்வார். மழை பெய்து சேறாகிக் கிடந்த திடல். சப்பாத்து அணிந்தவர்கள் சறுக்கி விழுகின்றனர். வெறுங்காலுடன் வந்த அவ்விளைஞர் மட்டும் பந்தை எல்லைக்கோடு வரை கொண்டுசென்று, திரும்பிப் பாராமலே வலைக்குள் அடிக்கிறார். தந்தையார் இதனைச் சொல்லும்போது அவருடைய காலும் சேர்ந்து அசையும்.

அந்த ஆட்டக்காரர் அண்மையில் காலமானார். வயது எண்பதைக் கடந்திருந்தது. அவருடைய பெயரையோ, வாழ்ந்த தோட்டத்தின் பெயரையோ நாம் எழுதப் போவதில்லை. வேண்டாமென்று அவரே எம்மிடம் கேட்டிருந்தார். அவரைச் சந்தித்த ஒரு நாளைப் பற்றியும், அந்நாள் எம்மீது சுமத்திய கடனைப் பற்றியுமே எழுதுகின்றோம்.

2003ஆம் ஆண்டு மார்கழி மாதம். இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் அவ்வாண்டுதான் நிறைவேறியிருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரசைகளாவர் என்றது அச்சட்டம். தோட்டந்தோறும் நடமாடும் சேவைகள் நடந்தன. பத்தே நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் பிரசைகளாயினர். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து சில மாதங்களே ஆகியிருந்த நாமும், படிவம் நிரப்பிக் கொடுக்கும் தொண்டர்களுள் ஒருவராய், பேராதனையிலிருந்து கலஹா செல்லும் பாதையில் ஒரு தோட்டத்துக்குச் சென்றோம்.

கோயில் மண்டபத்தில் மேசை போட்டிருந்தார்கள். காலை முதல் வரிசை குறையவில்லை. பிற்பகலில் மெலிந்த உயர்ந்த உருவம் ஒன்று மேசையருகே வந்து நின்றது. அறுபது வயதிருக்கும். இடது கால் சற்றே வளைந்திருந்தது. பெயரையும் தோட்டத்தையும் கேட்டு எழுதிய எமது பேனா நின்றுவிட்டது. "போகம்பரையில் பந்து விளையாடியவர் நீங்கள்தானா, ஐயா?" என்று கேட்டோம். அவர் எம்மை உற்றுப் பார்த்தார். "அதை இன்னும் யாரு ஞாபகம் வச்சிருக்கிறது?" என்றார்.

சேற்றில் அடித்த அந்தக் கோலைப் பற்றி ஆவலோடு கேட்டோம். அது அவருக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது வேறு. ஆட்டம் முடிந்து கைகுலுக்கியவர்களெல்லாம் வீடு போய்ச் சேர்ந்த பின் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. கண்டிப் புகையிரத நிலையத்தில் படுத்துறங்கி, விடியுமுன் எழுந்து நடந்து, பிரட்டுக் களத்துக்கு வந்தபோது பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது. "அன்னிக்குப் பேரு இல்லைன்னுட்டாரு கணக்கப்பிள்ளை. கோலு போட்டது ஒரு நாள் சம்பளம் போனதோட சரி" என்று சொல்லிச் சிரித்தார்.

படிவத்துக்கு ஆதாரமாக ஏதேனும் பத்திரம் உண்டா என்று கேட்டோம். பொலித்தீன் பையிலிருந்து காலங்கடந்த இந்தியக் கடவுச்சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒரு முத்திரையேனும் விழாத ஏடுகள். அவர் வாழ்நாளில் கையில் பிடித்த முதலாவது கடவுச்சீட்டு அதுதான். அதன் பின்னால் ஒரு கதை இருந்தது.

1966ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து ஓர் அணி தென்னிந்தியாவுக்குச் சென்று விளையாட ஏற்பாடாயிற்று. தெரிவானோர் பட்டியலில் அவர் பெயர் முதல் வரிசையில் இருந்தது. கடவுச்சீட்டுக்குப் பிரசாவுரிமைச் சான்று வேண்டும் என்றார்கள். அவரிடம் அது இல்லை. அவர் இந்நாட்டில் பிறந்தவர். அவருடைய தந்தையும் இதே மலையிற் பிறந்தவர். ஆனால் தந்தையின் பிறப்பு எங்கும் பதியப்பட்டிருக்கவில்லை. அணி போயிற்று, அவர் கொழுந்து மடுவத்தில் மூட்டை தூக்கினார். 1971ஆம் ஆண்டில் அவருக்கு ஒரு காகிதம் வந்தது. குடும்பத்தின் பெயரால் தமையனார் இட்ட விண்ணப்பத்தின்படி அவர் இந்தியப் பிரசை என்றும், நாட்டை விட்டுப் புறப்பட ஆயத்தமாக வேண்டும் என்றும் அது கூறிற்று.

"வெளையாடிட்டு வாறேன்னு கேட்டப்ப அந்த நாட்டுக்கு என்னைய விடல, தம்பி. அஞ்சு வருசம் கழிச்சு, அந்த நாட்டுக்கே போயிருன்னு காகிதம் வந்திச்சு. அப்ப நான் எந்த நாட்டுக்காரன்?"

சட்டம் படித்த எம்மிடம் அதற்கு விடை இருக்கவில்லை. இன்றும் இல்லை.

வாசகர்கள் சட்டத்தின் நடையைச் சற்றே பொறுத்துக் கேட்பார்களாக. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தம் தந்தையாரும் இந்நாட்டிற் பிறந்தவர் எனக் காட்டுதல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கு பிறந்தமையைக் காட்டுதல் வேண்டும். எழுத்தில் இவ்விதி யாவர்க்கும் பொது. ஆனால் கிராமத்தவரிடம் 'உன் தந்தை எங்கே பிறந்தார்' என்று கேட்டவர் எவருமில்லை. லயத்தில் வாழ்ந்தவரிடம் மட்டுமே கேட்டார்கள். பதிவுத் துண்டு இல்லாதவர் சட்டப்படி பிரசையாயிருந்தும் நடைமுறையில் நாடற்றவரானார். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் பின்கதவு ஒன்றைத் திறப்பதாகச் சொல்லிற்று. அக்கதவின் முன்னும் பத்திரங்களே காவல் நின்றன. வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர் அகன்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. கேகாலைப் பகுதியில் வாக்குரிமை மறுக்கப்பட்ட கோடக்கன் பிள்ளை பிரிவிக் கவுன்சில் வரை சென்றார். தன் பிரசைகள் யாரென வகுப்பது ஒரு நாட்டுக்கு இயல்பான அதிகாரமே எனக் கூறி 1953இல் அவ்வழக்கும் தள்ளப்பட்டது.

அதன்பின் இரு அரசாங்கங்கள் மேசையின் இருபுறமும் அமர்ந்து மக்களைப் பங்கு பிரித்தன. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரைக் கணக்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு; 300,000 பேர் இலங்கைக்கு; மீதி 150,000 பேரின் விதியைப் பின்னர் பார்ப்போம் என்றது. 1974இல் அம்மீதியும் சரிபாதியாய்ப் பிரிக்கப்பட்டது. அம்மக்களுள் ஒருவரையேனும் அழைத்து 'நீ எங்கே வாழ விரும்புகிறாய்' என்று கேட்டபின் எழுதப்பட்ட கணக்கா இது?

எமது ஆட்டக்காரரின் தமையனார் 1972இல் தலைமன்னாரில் கப்பலேறினார். நோயுற்ற தாயாரை விட்டுப் போக மனமின்றி இவர் தங்கினார். தாயார் மறைந்த பின் புறப்படலாம் என்றிருந்தபோது 1983 வந்தது. 1984இல் கப்பலும் நின்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவுக்கு விண்ணப்பித்திராதவர்களுக்கே பிரசாவுரிமை தந்தபடியால் இவர் அதற்கும் வெளியே நின்றார். இவ்வாறு, 1966இல் மறுக்கப்பட்ட ஒரு துண்டுக் காகிதம் 2003இல் கோயில் மண்டபத்து மேசைக்கு வந்து சேர 37 ஆண்டுகள் சென்றன. எந்த ஆட்டக்காரனுடைய கால் 37 ஆண்டுகள் காத்திருக்கும்?

காலத்தின் கொடுமையை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 1948 யூலை இறுதியில் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய உதைபந்தாட்ட அணி பிரான்ஸை எதிர்த்து ஆடியது. அவ்வணியில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். 2க்கு 1 என்று தோற்ற அவ்வாட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். வெறுங்காலுடன் ஆடியோரை உலகம் வியந்து பார்த்த அதே ஆண்டில்தான், வெறுங்காலுடன் மலையேறித் தேயிலை வளர்த்தோரை இலங்கைப் பாராளுமன்றம் அந்நியராக்கியது.

மலாயாவை எடுத்துக்கொள்வோம். அங்கும் எம்மவர் தோட்டங்களில் உழைக்கவே கப்பலேறினர். அங்கும் குறைகள் இல்லாமலில்லை. பத்திரமின்றித் தவித்தோர் அங்கும் உளர். எனினும் 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்குக்கு மலேசிய உதைபந்தாட்ட அணியைத் தலைமை தாங்கி அழைத்துச் சென்றவர் எம். சந்திரன் என்ற தமிழர். அவ்வணி அமெரிக்காவை 3க்கு 0 என்று வென்றது. அதே 1972இல் எமது ஆட்டக்காரர் தலைமன்னார் இறங்குதுறையில் தமையனாரை வழியனுப்பிக்கொண்டு நின்றார். ஆட்டத் திறமையில் யார் மேல் என்று நாம் ஒப்பிட வரவில்லை. ஒருவருக்குத் திறமையைக் காட்ட ஒரு நாடு இருந்தது, மற்றவருக்கு இருக்கவில்லை.

"முத்தையா முரளிதரன் இல்லையா?" என்று கேட்கும் நண்பர்கள் உளர். முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து இம்மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பேரன் கண்டியிற் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்று, 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி ஓய்வு பெற்றார். நாடே எழுந்து நின்று கைதட்டியது, நாமும் தட்டினோம். ஆயினும் ஒருவர் மலையுச்சியை எட்டினார் என்பது, அடிவாரத்தில் நிற்பவர்களுக்குப் பாதை திறந்துவிட்டது என்பதற்குச் சான்றாகுமா? 800 விக்கெட்டுக்குப் பின் கிடைக்கும் மரியாதை ஒரு விக்கெட்டும் எடுக்காத தொழிலாளிக்கும் கிடைப்பதே உரிமை.

படிவத்தை முடித்துக் கையொப்பத்துக்கு நீட்டினோம். அதன் தலைப்பை வாசித்துக் காட்டச் சொன்னார். 'பிரசாவுரிமை வழங்கல்' என்று வாசித்தோம். அவர் பேனாவைத் தொடவில்லை.

"எடுத்தவன் திருப்பிக் கொடுத்தா அதுக்குப் பேரு வழங்குறதா, தம்பி?"

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். "பேரப்பிள்ளைகளுக்காகப் போடுறேன்" என்றார். எழுந்து செல்லுமுன் எமது தந்தையாரைப் பற்றிக் கேட்டார். கண்டியில் இலிகிதராக இருந்தார், உங்கள் ஆட்டத்தைத் தவறவிடமாட்டார் என்று பெருமையோடு சொன்னோம். அவர் தலையசைத்தார். "கந்தோர் ஐயாமாரு நல்லவங்க. பந்து வெளையாட்டுன்னா ஓடி வருவாங்க. கடுதாசின்னு போனா, நாளைக்கு வான்னு சொல்லுவாங்க" என்றார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை.

அன்றிரவு வீடு திரும்பித் தந்தையாரிடம் நடந்ததைச் சொன்னோம். வெகுநேரம் மௌனமாயிருந்துவிட்டு அவர் சொன்னார்: "அந்த அணி போனபோது அவன் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை."

இவ்வசனம் எமது தந்தையார் ஒருவருடையது மட்டுமா? வடக்கிலும் கிழக்கிலும் இருந்து மலைநாட்டுக்கு உத்தியோகம் தேடிச் சென்ற எம்மவர் எத்தனை ஆயிரம்! இலிகிதராய், ஆசிரியராய், வைத்தியராய், நியாயவாதியாய் அவர்கள் லயங்களைக் கடந்தே நாள்தோறும் நடந்தனர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் தமிழ்ப் பிரதிநிதிகளுள்ளும் ஒரு பகுதியினர் கையுயர்த்தினர். எதிர்த்து நின்றோரும் இருந்தனர் என்பது எமக்கு ஆறுதல்; ஆதரித்தோரும் இருந்தனர் என்பது எமக்கு மாறாத தலைகுனிவு. அநியாயம் செய்தவனை மட்டும் சுட்டிவிட்டு, அயலில் நின்று பார்த்திருந்த நாம் தப்பிவிட முடியாது.

பிரசாவுரிமை திரும்பிவிட்டது, இனி என்ன குறை என்று கேட்கலாம். அவருடைய மரண வீட்டுக்குச் சென்றபோது அதற்கு விடை கண்ணெதிரே இருந்தது. அதே லயம், அதே தகரக் கூரை. பேரன் கொழும்பில் உழைத்துத் தன் கைப்பணத்தில் ஓர் அறையைப் பெருப்பித்துக் கட்டியிருக்கிறான். அந்த அறை நிற்கும் மண் அவன் பெயரில் இல்லை. வங்கியில் கடன் கேட்டால் உறுதி எங்கே என்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின் மழையால் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து பேரழிவு நேர்ந்ததை யாவரும் அறிவோம். அத்தகைய அழிவின் பின் உறுதி உள்ளவன் 'என் நிலம் போயிற்று' என்று கணக்குக் காட்டலாம். லயத்தில் வாழ்பவன் எதைக் காட்டுவான்? மூன்று தலைமுறை வாழ்ந்தும் அவனுக்குப் போனது வேறொருவருடைய நிலமன்றோ!

இங்கு கண்டிக்குச் சிறப்பான ஒரு நிலைமை உண்டு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் முகாமை கம்பனிகளுக்குக் கைமாறியபோது, கண்டி, மாத்தளைப் பகுதிகளின் பல தோட்டங்கள் ஜனவசம என அழைக்கப்படும் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமுமே தங்கின. அங்கே நிலம் அரசினது, முகாமையும் அரசினது. கம்பனி இணங்கவில்லை, குத்தகை முடியவில்லை என்ற சாக்குகளுக்கு இடமில்லை. உறுதி எழுதிக் கொடுக்க மனமிருந்தால் முதலில் இங்கேயே தொடங்கலாம்.

7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் பெற்ற குடும்பங்கள் இருக்கின்றன. அதனை நாம் மறுக்கவில்லை. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், முன்னைய 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகள் என்றார். வீட்டை எண்ணுவது எளிது. அவ்வீட்டின் உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியப்பட்டுக் கையிற் கொடுக்கப்பட்டதா என்று எண்ணுவோமாக. உறுதியில்லாத வீடு, முகப்பு மாறிய லயமே.

தோட்டத்து விளையாட்டுத் திடலின் நிலையும் இதுவே. தோட்டத்துக்குள் பிரதேச சபையின் நிதியைச் செலவிட 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை சட்டமே தடையாய் நின்றது. இன்று அத்தடை நீங்கியுள்ளது. எமது ஆட்டக்காரர் பழகிய திடல் இன்னும் இருக்கிறது. ஒரு பாதியில் செடி வளர்ந்துவிட்டது. மறுபாதியில் இரு கம்புகளை நட்டுச் சிறுவர் பந்தடிக்கின்றனர். அதனை அளந்து, எல்லையிட்டு, பிரதேச சபைக்கு உரித்தாக்குவது அரசுக்குப் பெருஞ்செலவல்ல.

எமது வாசகர்களுள் கமக்காரர் பலர். வன்னியில் இன்று வயல் செய்வோருள் 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களும் அவர்களின் மக்களும் உளர். அனுமதிப்பத்திரத்துக்கும் உறுதிக்கும் உள்ள தூரத்தை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. உங்கள் சங்கங்களில் காணிப் பிரச்சினை பேசும்போது லயத்துக் காணியையும் சேர்த்துப் பேசுங்கள். படித்துப் பதவி வகிக்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்வோம். நொத்தாரிசும் நில அளவையாளரும் சட்டத்தரணியும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டி மாவட்டத்துத் தோட்டமொன்றுக்குக் கொடுங்கள். பிறப்புப் பதிவு இல்லாதவர் யார், இடாப்பில் விடுபட்டவர் யார், எந்த வீட்டுக்கு உறுதி இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். கோரிக்கைக்கு அக்கொப்பியே ஆதாரமாகும்.

2003 மார்கழியில் எமது மேசைக்கு முன் வந்து நின்றவரிடம் நாம் முதலில் கேட்டது ஒரு கோலைப் பற்றி. அவருக்கு இழந்த நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொல்லும்வரை எமக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. தந்தையார் கேட்காமல் விட்ட கேள்வியை மகனும் ஏறக்குறைய விட்டுவிட்டோம். இம்மாதத்தின் இறுதி ஞாயிற்றுக்கிழமை கலஹாப் பாதையில் அதே தோட்டத்துக்குக் கொப்பியுடன் செல்கின்றோம். உடன் வர விரும்புவோர் வாருங்கள்.